ஏரிக்கரையில் எனக்கு வைத்த பரீட்சை

1

குளிர்சாதனப் பெட்டியின் கதவில் காந்தம் வைத்து ஒட்டப்படும் எந்தக் காகிதமும் நல்ல செய்தி கொண்டுவருவதில்லை. கனடாவுக்கு வந்து நான் முதலில் கற்றுக்கொண்டது அதுதான். பல் வைத்தியரிடம் போக வேண்டிய நாள், குப்பை வண்டி வரும் கிழமை மாறிய விபரம், பேத்தியின் வகுப்பில் யாருக்கோ தலையில் பேன் என்ற எச்சரிக்கை எல்லாம் அங்கேதான் தொங்கும். சித்திரை பிறந்த கையோடு அந்த வரிசையில் ஒரு பச்சைத் துண்டுப்பிரசுரமும் சேர்ந்தது.

ஏரிக்கரைப் பூங்காவில் ஓரியன்டியரிங் விளையாட்டாம். கையில் ஒரு படமும் திசைகாட்டியும் தருவார்கள். புல்வெளியில் அங்கங்கே நட்டுவைத்திருக்கும் கொடிகளை வரிசைப்படி தேடிப் பிடித்துவிட்டுத் திரும்பி வர வேண்டும். கீழே ஒரு வரி: "எல்லா வயதினரும் கலந்துகொள்ளலாம்." அந்த வரியின் கீழ் நீலப் பேனாவால் ஒரு கோடு.

நான் நுவரெலியாவின் அரசாங்கக் கச்சேரியில் காணிக் கிளையில் இருந்து ஓய்வு பெற்றவன். அடிக்கோடு தானாக விழாது என்பது எனக்குத் தெரியும். அதைப் போட்டவருக்கு ஒரு நோக்கம் இருக்கும், அந்த நோக்கத்தைக் கோப்பில் எழுதியிருக்க மாட்டார்.

"இது யாருக்கு?" என்று மகள் சுகந்தியிடம் கேட்டேன்.

"ஆரணிக்குப்பா. பள்ளிக்கூடத்துல குடுத்து விட்டாங்க. பெரியவங்க ஒருத்தர் கூடப் போகணுமாம். நீங்க போங்களேன்."

"நீ போயேன். நீயும் பெரியவதானே."

"எனக்கு முழங்கால் வலிக்குது."

அவளுக்கு முழங்காலில் வலி இருப்பதை அன்றைக்குத்தான் கேள்விப்பட்டேன். அன்று மாலையே அவள் மாடிப்படியை ஓடி ஏறினாள். நான் குனிந்து பத்திரிகையைப் புரட்டினேன். விசாரணை முடியும்வரை சாட்சியை உஷார்ப்படுத்தக் கூடாது.

2

ஊரில் இருந்து வாசிப்பவர்களுக்கு இதன் முன்கதையைச் சொல்ல வேண்டும்.

எங்கள் தெருவில் வீடுகள் ஒன்றோடொன்று ஒட்டிய வரிசை வீடுகள். ஒரே கூரை, ஒரே நிறக் கதவு, ஒரே மாதிரி மூன்று படிகள். வட்டகொடைப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், இதே மாதிரி ஒரு வரிசை வீட்டில் பிறந்தவன், படித்து, பரீட்சை எழுதி, உத்தியோகம் பார்த்து, ஓய்வூதியமும் வாங்கிவிட்டு, விமானம் ஏறி மறுபடி ஒரு லயத்தில் வந்து இறங்கியிருக்கிறேன். விலை மட்டும்தான் வேறு.

ஆனால் எங்கள் லயத்தில் யாரும் கதவு மாறிப் போக முடியாது. மாறிப் போனால், "அங்க எங்க போறீங்க, உங்க காம்பரா அந்தப் பக்கம்ல" என்று சொல்ல வாசலில் யாராவது உட்கார்ந்திருப்பார்கள். இங்கே வாசலில் ஆள் இருந்தால் அது பொதி கொண்டுவந்தவர்தான். போன மாரியில் ஒரு நாள் பனி கொட்டியதால் பஸ்காரர் வழமையான தரிப்பில் நிறுத்தாமல் வேறெங்கோ இறக்கிவிட்டார். கதவு இலக்கங்களைப் பனி மூடியிருந்தது. நான் என் சாவியை ஒரு கதவில் போட்டுத் திருகிக்கொண்டிருந்தேன். உள்ளே இருந்த பெண் போலீசுக்குத் தொலைபேசி எடுத்துவிட்டாள்.

வந்த போலீசார் என்னை மிகுந்த மரியாதையோடு வீட்டில் கொண்டுவந்து விட்டார்கள். அந்த மரியாதைதான் எனக்குப் பிடிக்கவில்லை. சந்தேக நபரோடு யாரும் அவ்வளவு மென்மையாகப் பேச மாட்டார்கள். நோயாளியோடுதான் அப்படிப் பேசுவார்கள்.

அதற்குப் பிறகு குடும்ப வைத்தியர். ஒரு கடிகாரம் வரைந்து, அவர் சொல்லும் மணியைக் காட்டச் சொன்னார். "காலையா, மாலையா?" என்று கேட்டேன். அவர் எதையோ எழுதிக்கொண்டார். என்ன எழுதினீர்கள் என்று கேட்டேன். அதையும் எழுதிக்கொண்டார்.

அதற்கும் பிறகுதான் முதியோர் பகல் நிலையம் பற்றிய பேச்சு வந்தது. சாப்பாட்டு மேசையில் சுகந்தி சொன்னாள்: "காலையில வேன் வந்து கூட்டிட்டுப் போவும்ப்பா. பின்னேரம் அவங்களே கொண்டாந்து விட்ருவாங்க."

"என்ன நிற வேன்?"

அவளுக்குப் புரியச் சற்று நேரமானது. மருமகன் பகீரதன் யாழ்ப்பாணத்தில் பிறந்தவர், வெள்ளை வேனில் ஏற்றப்பட்டவர்கள் வீடு திரும்பாத காலத்தைக் கண்டவர், அவருக்கு உடனே புரிந்தது. தட்டைப் பார்த்தபடி, "நீலம், மாமா. நீல வேன்தான்" என்றார்.

ஒரு நாள் அந்த நிலையத்தைப் பார்க்கவும் கூட்டிப்போனார்கள். ஓய்வு பெற்ற நீதிபதி ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்து பலூன் அடித்துக்கொண்டிருந்தார். அவர் அடித்த ஒவ்வொரு முறையும் ஒரு பெண் கை தட்டினாள். எத்தனை பேருக்குத் தண்டனை எழுதிய கையோ.

வீட்டுக்கு வந்ததும், "இப்ப ஒண்ணும் முடிவெடுக்கலப்பா" என்றாள் சுகந்தி. அதாவது, பரிசீலனையில் இருக்கிறது. அந்தச் சொல்லை எத்தனையோ பேருக்கு நானே எழுதி அனுப்பியவன். அது எந்தப் பக்கம் சாயும் என்று எனக்குத் தெரியாதா? அதுவரைக்கும் இடைக்கால உத்தரவு ஒன்று: நான் தனியாக வெளியே போகக் கூடாது. நூலகத்துக்குக்கூட.

இந்த நிலையில்தான், வழி தெரியாமல் போகிறவர் என்று வீட்டாரே தீர்மானித்த ஒரு மனிதரை, கையில் படத்தைக் கொடுத்துப் பூங்காவுக்கு அனுப்ப அவர்கள் ஆசைப்பட்டார்கள். இதை விளையாட்டு என்று நம்புவதற்கு நான் வேறு இலாகாவில் வேலை பார்த்திருக்க வேண்டும்.

3

ஞாயிற்றுக்கிழமை காலை பகீரதன் எங்கள் எல்லோரையும் காரில் கூட்டிப்போனார்.

"நீங்கள் ஏன் மாமா இவ்வளவு யோசிக்கிறியள்? சும்மா காத்து வாங்கிக்கொண்டு நடவுங்கோ" என்றார்.

சும்மா என்றால் ஏன் நான்கு பேரும் போகிறோம் என்று நான் கேட்கவில்லை.

பூங்கா ஏரியை ஒட்டியிருந்தது. ஒரு பக்கம் உயர்ந்த மாடிக் கட்டடங்கள், மறுபக்கம் தண்ணீர், நடுவில் வெள்ளைக்காரர்களின் கம்பளம் மாதிரிப் பரந்த புல். கார் நிறுத்தும் சீமெந்துத் தரையில் மேசை போட்டுப் பேர் பதிந்துகொண்டிருந்தார்கள். தோட்டத்தில் காலையில் ஆட்களைக் கூட்டிப் பேர் பார்த்து, இன்னின்னார் இன்னின்ன மலைக்கு என்று பிரித்து அனுப்பும் பெரட்டு இப்படித்தான் நடக்கும். ஒரு வித்தியாசம், இங்கே வேலை செய்ய வந்தவர்களே காசும் கட்டியிருந்தார்கள்.

செம்மஞ்சள் சட்டை போட்ட ஒரு பெண் கையொப்பமிட ஒரு தாளைத் தந்தாள். காயம் பட்டால் நாங்கள் பொறுப்பல்ல என்று நீண்டு போனது அது. நான் முழுவதையும் வாசித்தேன். பின்னால் வரிசை வளர்ந்தது.

"இங்கே 'மரணம் உட்பட' என்று இருக்கிறதே" என்று ஆங்கிலத்தில் கேட்டேன். "புல்வெளியில் எப்படி மரணம் வரும்?"

"ஐயோ, அதையெல்லாம் யாருமே வாசிப்பதில்லை" என்று சிரித்தாள்.

"அந்தத் தைரியத்தில்தானே எழுதுகிறார்கள்" என்றேன்.

சுகந்தி என் முழங்கையைப் பிடித்து இழுத்தாள். "அப்பா, கையெழுத்தப் போடுங்க. இது காணிக் கச்சேரி இல்ல."

உடன் செல்லும் பெரியவர் என்ற இடத்தில் என் பெயரை எழுதினேன். அந்தப் பெண் விரலில் மாட்டும் ஒரு சின்னக் குச்சியை ஆளுக்கொன்று தந்தாள். ஒவ்வொரு கொடியடியிலும் ஒரு பெட்டி இருக்குமாம். குச்சியை அதில் வைத்தால் சத்தம் வரும், நாம் வந்துபோனது பதிவாகும். படத்தில் மஞ்சளாக இருப்பது திறந்த புல்வெளி, எங்கே வேண்டுமானாலும் குறுக்கே ஓடலாம். முடித்தாலும் முடிக்காவிட்டாலும் கடைசியில் தன்னிடம் வந்து குச்சியை ஒப்படைத்தாக வேண்டும், வராவிட்டால் தேட ஆள் அனுப்புவோம் என்றாள். அந்த ஒழுங்கு எனக்குப் பிடித்திருந்தது. இந்த நாட்டில் அன்றுவரை நான் கண்ட ஒரே உருப்படியான சுற்றறிக்கை அதுதான்.

படத்தைப் பிரித்தேன். நில அளவைப் படங்களைப் பார்த்தே தலை நரைத்தவன் நான். எல்லைக் கல்லும் ஓடையும் இல்லாத தகராறுக் காணிகளையே தேடிப் பிடித்திருக்கிறேன். இது சிறுபிள்ளை வேலை.

நிமிர்ந்து பார்த்தபோது சுகந்தி குனிந்து ஆரணியின் காதில் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். பிள்ளை தலையாட்டிவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தது. தாளில் உடன் செல்பவர் நான். உண்மையில் உடன் அனுப்பப்படுபவர் யார் என்று அந்தத் தலையாட்டலில் தெரிந்துவிட்டது.

4

ஆரணிக்கு ஒன்பது வயது. தமிழை அவள் தன் தகப்பனிடம் பாதியும் என் மகளிடம் பாதியுமாக வாங்கி, இடைவெளியை ஆங்கிலத்தால் நிரப்பி வைத்திருக்கிறாள். வரவர இடைவெளிதான் பெரிதாகிறது.

முதல் கொடி படகுக் கொட்டகைக்குப் பக்கத்தில் ஒரு மரத்தடியில் இருந்தது. பாதை ஓரமாகவே போய்ச் சேர்ந்தோம். அவள் முன்னால் ஓடுவாள், நின்று திரும்பி என்னைப் பார்ப்பாள், மறுபடி ஓடுவாள். ஆட்டுக்குட்டியை மேய்க்கிறவர்கள்தான் அப்படிச் செய்வார்கள்.

கொடியடியில் அவளை நிறுத்தினேன். "அம்மா உங்கிட்ட என்ன சொன்னாங்க?"

"ஒண்டுமில்ல, தாத்தா."

"ஒரு ஐஸ்கிரீம்."

அவள் யோசித்தாள். "ரெண்டு."

"சரி, ரெண்டு."

"தாத்தா எந்தப் பக்கம் போறார் எண்டு பாக்கச் சொன்னா. நான் ஹெல்ப் பண்ணக் கூடாதாம். நீங்க தானா கண்டுபிடிக்கிறீங்களா எண்டு பாக்க வேணுமாம். பிறகு வந்து சொல்லச் சொன்னா." பிறகு அவசரமாக, "நான் சொன்னதெண்டு சொல்லாதீங்கோ" என்றாள்.

சந்தேகம் உறுதியாவதில் ஒரு சுகம் இருக்கிறது, மறுக்க மாட்டேன். என் மகள் எனக்குப் பரீட்சை வைத்திருக்கிறாள். மேற்பார்வையாளருக்கு ஒன்பது வயது. இதில் தவறினால் நீல வேன், பலூன், கைதட்டல். சரி, எழுதிக்காட்டுவோம் என்று முதுகை நிமிர்த்திக்கொண்டேன்.

இரண்டாவது கொடி பெரிய புல்வெளிக்கு அந்தப் பக்கம். நின்ற இடத்திலிருந்தே செம்மஞ்சளும் வெள்ளையுமாகத் தெரிந்தது. ஆரணி புல்லில் குதித்து நேராக ஓடினாள். நான் வலப்பக்கம் திரும்பிச் சரளைப் பாதையில் நடந்தேன்.

"தாத்தா! ராங் வே!" என்று பாதி வழியில் நின்று கத்தினாள்.

தெரியும் என்று கையைக் காட்டிவிட்டுத் தொடர்ந்து நடந்தேன். பாதை வளைந்து இசை மண்டபத்துக்குப் பின்னால் போனது. அங்கிருந்து அவள் தெரியவில்லை. நானும் அவளுக்குத் தெரியாமல் போயிருக்க வேண்டும்.

நான் அந்தக் கொடியை அடைந்தபோது அவள் அங்கே இல்லை. அடுத்த கொடிக்கு ஓடியிருப்பாள் என்று நினைத்தேன். அதற்கும் போனேன். இல்லை. உண்மையைச் சொன்னால் எனக்கு அதில் பெரிய வருத்தமும் இல்லை. மாரிக்குப் பிறகு முதல் தடவையாகத் தனியாக நடந்துகொண்டிருந்தேன். புல் முழுக்க வாத்துகள் உரிமையோடு மேய்ந்தன. பாதை ஓரமாகவே ஒவ்வொரு கொடியையும் சுற்றிச் சுற்றிப் பிடித்தேன். குச்சியைப் பெட்டியில் வைக்கும்போதெல்லாம் வந்த சத்தம், சரி என்று மேலதிகாரி சின்னக் கையெழுத்துப் போடுவது மாதிரி இருந்தது.

கடைசிக்கு முந்திய கொடி தண்ணீர் ஓரத்தில், ஒரு பாறைக்குப் பக்கத்தில். அதிலும் குச்சியை வைத்தேன். படத்தைப் பார்த்தேன்.

படத்தில் கோடுகள் இருந்தன. அவை வெறும் கோடுகளாக இருந்தன. ஏரி எனக்கு முன்னால்தான் கிடந்தது, ஏரி என்று தெரிந்தது. எந்த ஏரி, நான் எந்தப் பக்கமிருந்து வந்தேன், என்னோடு வந்தது யார் என்பது மட்டும் வரவில்லை. பயம்கூட இல்லை. நாயோடு போன ஒரு பெண், "அழகான நாள், இல்லையா?" என்றாள். ஆமாம் என்றேன். அவள் போய்விட்டாள். நான் படத்தைப் பிடித்தபடி நின்றேன். பிறகு, மின்சாரம் போய்த் திரும்ப வருவதுபோல எல்லாம் ஒரேயடியாக வந்தது: பூங்கா, ஆரணி, செம்மஞ்சள் சட்டைக்காரி, ஞாயிற்றுக்கிழமை. எவ்வளவு நேரம் நின்றேன் என்று எனக்குத் தெரியாது.

கடைசிக் கொடியைப் பிடித்துக்கொண்டு முடிவிடத்துக்கு நடந்தேன். பாதையில்தான்.

5

அங்கே ஒரு சின்னக் கலவரம். செம்மஞ்சள் சட்டைக்காரி கைக்கருவியில் யாரோடோ பேசிக்கொண்டிருந்தாள். என்னைத் தேட இரண்டு பேரை அனுப்பியிருந்தார்கள், சுற்றறிக்கைப்படி.

"எங்கப்பா போனீங்க?" என்றாள் சுகந்தி. "புள்ள அழுவுதுப்பா!"

பிள்ளை ஐஸ்கிரீம் தின்றுகொண்டிருந்தது. வேறு யாரோ முந்திக்கொண்டிருக்கிறார்கள்.

"மாமா, சரியாப் பயந்துபோனம்" என்றார் பகீரதன்.

நான் குச்சியை மேசையில் வைத்தேன். அந்தப் பெண் அதை இயந்திரத்தில் செருகிப் பார்த்துவிட்டு, "எல்லாக் கொடிகளும் சரி. வரிசையும் சரி" என்றாள். குரலில் ஆச்சரியத்தை மறைக்கவில்லை.

"கண்ணுக்கு நேரா தெரியுற கொடிக்கு ஏன்ப்பா இப்படி ஊரச் சுத்திப் போனீங்க?" சுகந்தி விடவில்லை. "ஆரணி சொன்னா, நீங்க வேற பக்கம் திரும்பிப் போயிட்டீங்கன்னு. நீங்க எங்க போறோம்னு தெரிஞ்சுதான் போனீங்களா?"

"தெரிஞ்சுதான் போனேன். பாதையில போனேன்."

"ஏன் பாதையில?"

எனக்கு எப்போதும் ஒரு பதில் தயாராக இருக்கும். சப்பாத்து ஈரமாகும், புல் வழுக்கும், விதிமுறையில் இன்ன பிரிவு. அன்றைக்குக் குனிந்து, புல்லுக்கு ஓரமாக நின்ற என் சப்பாத்தைப் பார்த்தேன். ஏன் பாதையில் போனேன் என்று நானே அப்போதுதான் யோசித்தேன்.

"நடுவுல புல்லு இருக்குல்ல" என்றேன்.

சுகந்தி என்னையே பார்த்தாள்.

எங்கள் தோட்டத்தில் துரை பங்களாவுக்கு முன்னால் இப்படி ஒரு புல்தரை இருந்தது. லயத்து ஆட்கள் அதில் கால் வைப்பதில்லை. வைக்காதே என்று பலகை எதுவும் கிடையாது. யாரும் எனக்குச் சொன்னதாகவும் நினைவில்லை. என் தங்கச்சிக்கு ஒரு தடவை காய்ச்சல் முற்றி, அப்பா அவளைத் தோளில் போட்டுக்கொண்டு மழையில் மருந்துக் காம்பராவுக்கு ஓடினார். நான் பின்னால் ஓடினேன். பங்களாப் புல்லைக் குறுக்கே கடந்தால் மருந்துக் காம்பரா எதிரே தெரியும். அப்பா வேலியோடு சுற்றித்தான் ஓடினார். துரை அப்போது சீமைக்குப் போயிருந்தார். பங்களா பூட்டிக் கிடந்தது. பார்க்க ஒரு காவல்காரன்கூட இல்லை. தங்கச்சி பிழைத்துக்கொண்டாள். இன்றைக்கும் ஹட்டனில் இருந்து தொலைபேசியில் என்னைத் திட்டுகிறாள்.

நான் உத்தியோகத்துக்கு வந்த பிறகு அந்தப் பங்களா விருந்தினர் விடுதியானது. காணிக் கூட்டம் ஒன்றுக்கு அங்கே போயிருந்தேன். புல்லில் மேசை போட்டுத் தேநீர் கொடுத்தார்கள். நான் ஓரத்துக் கல்லில் நின்று குடித்தேன். அட்டை கடிக்கும் என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னதாக ஞாபகம்.

இதை நான் சுகந்தியிடம் இவ்வளவு விரிவாகச் சொல்லவில்லை. "துரை பங்களா" என்று மட்டும் சொன்னேன். தங்கச்சி கதை அவளுக்குத் தெரியும்.

"அப்பா..." என்று அவள் சிரிக்கத் தொடங்கினாள். சிரிப்பு பாதியில் வேறு மாதிரி ஆனது. "இது துரை பங்களா இல்லப்பா. இங்க நாய்கூட புல்லுலதான் படுத்திருக்கு."

என்ன விஷயம் என்று செம்மஞ்சள் சட்டைக்காரி கேட்டாள். பகீரதன் தன்னால் இயன்றவரை விளக்கினார். அவர்களுடைய ஊரில் புல்லில் நடப்பதில்லை என்று.

"ஓ, மருந்து அடிப்பார்களா?" என்று அவள் அனுதாபத்தோடு கேட்டாள்.

மற்றக் குடும்பங்கள் எல்லாம் புல்லில் விரிப்பு விரித்து உட்கார்ந்திருந்தன. சுகந்தி மட்டும் முதலிலிருந்தே கார் நிறுத்தும் சீமெந்துத் தரையில் கைப்பையை மார்போடு அணைத்தபடி நின்றிருந்தாள். அவள் லயத்தில் பிறந்தவள் அல்ல, என் உத்தியோகத்துக்குக் கிடைத்த அரசாங்க விடுதியில் வளர்ந்தவள். அவளுக்கும் யாரும் எதுவும் சொன்னதில்லை.

6

அன்று மாலை தேநீர் தரும்போது சுகந்தி சொன்னாள்: "அந்தப் பகல் நிலையத்துக்கு வேணாம்னு சொல்லிர்றேன்ப்பா. உங்களுக்கு ஒண்ணும் இல்ல. கொடியெல்லாம் சரியாத்தான புடிச்சிருக்கீங்க. நாங்கதான் தேவையில்லாம பயந்துட்டோம். நாளைக்கு நீங்களே லைப்ரரிக்குப் போயிட்டு வாங்க."

நான் வென்றிருந்தேன். மேன்முறையீடு இல்லாமல், ஒரே அமர்வில்.

ஆனால் இவ்வளவு சுலபமாக மூடப்படும் கோப்பை நான் நம்புவதில்லை. மேலே இருக்கும் தாளை மட்டும் வாசித்துவிட்டு முடிவெழுதியிருப்பார்கள். அந்தத் தாளில் இருந்தது பொய்யும் அல்ல. நான் புல்லில் கால் வைக்காததால்தான் சுற்றிப் போனேன். ஆனால் தண்ணீர் ஓரத்தில், அந்தப் பாறைக்குப் பக்கத்தில், நான் பாதையில்தான் நின்றுகொண்டிருந்தேன். அங்கே என்னைத் தடுத்து நிறுத்தியது புல் அல்ல. அந்த ஒன்றைப் பற்றி யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. குச்சி அதையும் சரி என்றே பதிந்திருந்தது.

இவ்வளவு நாளும் வீட்டில் எல்லோரையும் சந்தேகப்பட்டு வந்தேன். மகளின் முழங்காலை, மருமகனின் சமாதானத்தை, பேத்தியின் தலையாட்டலை, வைத்தியரின் பேனாவை. அன்றைக்கு அவர்கள் எல்லோரும் விடுதலையாகிவிட்டார்கள். மீதி நின்றது ஒரே ஆள்.

மறுநாள் காலை சப்பாத்தைப் போட்டுக்கொண்டு கதவருகே உட்கார்ந்திருந்தேன். சுகந்தி பஸ் அட்டையை என் சட்டைப் பையில் வைத்தாள். "போய்ட்டு வாங்க" என்றாள். சந்தோஷமாகத்தான் சொன்னாள்.

"நீயும் வாயேன்" என்றேன்.

"நானா? ஏன்ப்பா? தனியாப் போகணும்னுதானே இவ்வளவு நாளா சண்ட போட்டீங்க?"

"ஆமா."

"அப்பறம்?"

"வாயேன்."

அவள் என் முகத்தைப் பார்த்தாள், நானும் அவளைப் பார்த்தேன். காணிக் கிளையில் என் எதிரே உட்கார்ந்து எத்தனையோ பேர், அடுத்த கேள்வியை நான் கேட்டுவிடக் கூடாதே என்று இப்படி என்னைப் பார்த்திருக்கிறார்கள். சுகந்தி அடுத்த கேள்வியைக் கேட்கவில்லை. வேலைக்குத் தொலைபேசி எடுத்து, பிந்தி வருவதாகச் சொன்னாள். மேல்சட்டையை மாட்டிக்கொண்டு கதவைப் பூட்டினாள்.

சேர்ந்து நடந்தோம். தெரு முனைக்கு வந்ததும் அவள் நின்றாள். பஸ் தரிப்பு எங்கே என்று அவளுக்கு நன்றாகத் தெரியும்.

"எந்தப் பக்கம்ப்பா?" என்று, சும்மா கேட்பதுபோலக் கேட்டாள்.

எதற்காகக் கேட்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது. எனக்குத் தெரிந்துவிட்டது என்பது அவளுக்கும் தெரிந்திருக்கும்.

"இடது பக்கம்" என்றேன்.

அவள் தலையாட்டினாள். அடுத்த முனையிலும் கேட்பாள் என்ற நம்பிக்கையோடு அவள் கூடவே நடந்தேன்.